பெரியம்மாவுக்கு வந்த கடிதம்: மருத்துவர் மீதான புகார்கள் ஏன் பதிலின்றி முடிகின்றன?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. பினாங்கு ஜெலுத்தோங்கில் பெரியம்மா வீட்டுச் சமையலறையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா மாவுக் கையைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன் விரித்தார். தனியார் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்தது. தடித்த தாள், மேலே வண்ண முத்திரை, ஆங்கிலத்தில் ஒன்பது வரி.

"படிச்சுச் சொல்லு தம்பி, என்னா எழுதியிருக்காங்க?"

படித்துத் தமிழில் சொன்னேன். உங்கள் கருத்துக்கு நன்றி. நீங்கள் எழுப்பிய விஷயத்தை உள்ளுக்குள் விசாரித்தோம். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு.

"உரிய நடவடிக்கைன்னா என்னா நடவடிக்கை?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை.

நடந்தது இவ்வளவுதான். பெரியம்மாவுக்குப் பதினெட்டு வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. வலது காலில் சுண்டு விரலோரம் ஒரு புண் வந்தது. மகன் மாதாமாதம் பணம் கட்டும் மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று தனியார் மருத்துவமனைக்குப் போனார். கழுவி, மருந்து வைத்துக் கட்டி, மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மறுபடி போனபோது வேறொரு டாக்டர் பார்த்தார். பதினோராம் நாள் விரலை எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன்பு ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "ஆன்ட்டி, இங்க சைன் பண்ணுங்க" என்று மிஸ்ஸி (தாதி) விரல் வைத்துக் காட்டிய இடம் மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கிறது.

டாக்டர் தவறு செய்தார் என்று பெரியம்மா எழுதவில்லை. நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களின் கால் புண், எவ்வளவு நல்ல கையில் இருந்தாலும், சில நாளில் மீறிப் போவதுண்டு. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: முதல் நாளே என் காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? அந்த ஒன்பது வரியில் இதற்குப் பதில் இல்லை.

எங்கள் வட்டாரத்தில் பாரம் நிரப்பவும் கடிதம் எழுதவும் சிரமப்படுகிறவர்களுக்குப் பல வருடமாக எழுதிக் கொடுத்து வருகிறேன். மருத்துவமனை விவகாரமாக என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பணம் கேட்டு வரவில்லை. டாக்டரின் வேலையைப் பறிக்க வேண்டும் என்றும் வரவில்லை. என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், இன்னொருவருக்கு அப்படி நடக்கக் கூடாது, இந்த இரண்டுக்காகத்தான் வந்தார்கள். நம் மலேசியாவின் புகார் ஏற்பாடு வேறு பல காரியங்களுக்காக அமைக்கப்பட்டது. இந்த இரண்டுக்காக அமைக்கப்படவில்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசுவதென்றால் இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

ஒரு விரல், பல வாசல்

புகார் சொல்ல இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசாங்க மருத்துவமனை என்றால் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். சுகாதார அமைச்சுக்கு சிஸ்பா என்ற இணையவழிப் புகார் முறை உண்டு. அரசாங்க இலாகாக்கள் எல்லாவற்றையும் பற்றிய புகார்களுக்கென 1971இல் தொடங்கிய பொதுப் புகார்ப் பிரிவு உண்டு. கோலாலம்பூரில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜாலான் பஹாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் உயர்கல்வி அமைச்சின் கீழ் வருகிறது. படுத்திருக்கும் நோயாளிக்கு இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரிதான். புகாரை எழுத உட்காரும்போதுதான் வேறுபாடு தெரியும்.

தனியார் மருத்துவமனைகளுக்கு 1998ஆம் ஆண்டின் 586ஆவது சட்டம். அது நடப்புக்கு வந்தது 2006 மே மாதம். ஒவ்வொரு தனியார் மருத்துவமனையும் நோயாளிகளின் குறைகளைக் கேட்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிடுகிறது. பெரியம்மாவுக்கு வந்த கடிதம் அந்த ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான். அதில் மனம் ஆறவில்லை என்றால் அடுத்த இடம், அமைச்சில் தனியார் மருத்துவப் பணியைக் கண்காணிக்கும் சிகேஏபிஎஸ் பிரிவு. மாநில சுகாதார இலாகாவிலும் அதே வேலைக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் மருத்துவமனையைப் பார்ப்பார்கள்: உரிமம், கட்டணம், வசதி, ஆள்பலம். டாக்டரின் நடத்தை என்றால் அது புத்ராஜெயாவில் இருக்கும் மலேசிய மருத்துவ மன்றத்தின் வேலை. நஷ்டஈடு வேண்டுமென்றால் இவர்கள் எல்லோருமே நீதிமன்றத்தைத்தான் காட்டுவார்கள்.

பில் ஏன் இவ்வளவு வந்தது, டாக்டர் ஏன் விளக்கிச் சொல்லவில்லை, நடக்க முடியாமல் கிடந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு. புண்ணும் ஒன்று, கால் வைத்திருப்பவரும் ஒருவர். கேள்விகள் மட்டும் மூன்று இடத்துக்குப் பிரிந்து போக வேண்டும். எந்தக் கேள்வி எங்கே போகும் என்று பிரிக்கிற வேலையும் நோயாளியின் தலையில். பாரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று, எஸ்டேட்டிலும் ஃபாக்டரியிலும் உழைத்து ஓய்ந்த ஒருவர் இதைத் தனியாகச் செய்து முடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

இதில் பணம் செய்யும் ஒரு வேலையும் உண்டு. அரசாங்க கிளினிக்கில் சாதாரண நோயாளிக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அந்த மலிவு இந்த நாட்டின் பெருமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், "ஒரு வெள்ளி கட்டிட்டு என்னாத்த போய்க் கேக்கிறது" என்ற பேச்சை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வரியாகக் கட்டியதையும் உழைப்பாகக் கொடுத்ததையும் மறந்துவிட்டு, வைத்தியத்தைத் தர்மமாக நினைக்கும் மனம் அது. தனியார் மருத்துவமனையில் அதே மனம் வேறு விதமாகப் பேசும்: "பெரிய டாக்டர், நாளைக்கும் அவருகிட்டதானே போகணும்." இரண்டு இடத்திலும் வாய் அடைபடுகிறது.

ஒரே தலையில் மூன்று பொறுப்பு

மருத்துவ மன்றம் 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தால் நடப்பது. 2012இல் அந்தச் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டு, திருத்தம் 2017 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. டாக்டர்கள் ஆண்டுதோறும் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும், நஷ்டஈட்டுக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும் என்ற விதிகள் அதன் வழி வந்தவை. நல்ல மாற்றங்கள். ஒழுங்கு விசாரணை முறையும் அப்போது மாறியது.

அது நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். சத்தியப் பிரமாணம் கேட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல்நிலை விசாரணைக் குழு ஆவணங்களைப் பார்த்து, டாக்டரின் விளக்கத்தையும் கேட்டு, முகாந்திரம் இருக்கிறதா என்று முடிவு செய்யும். இருந்தால் ஒழுங்கு வாரியத்துக்குப் போகும். குற்றம் உறுதியானால் கண்டனம், குறிப்பிட்ட காலத்துக்கு இடைநீக்கம், கடைசியாகப் பதிவேட்டிலிருந்தே பெயரை எடுத்துவிடுவது. முடிவை எதிர்த்து டாக்டர் உயர் நீதிமன்றம் போகலாம்.

இந்த விசாரணையில் புகார் கொடுத்தவர் யார்? சாட்சி. மருத்துவ மன்றத்துக்கும் டாக்டருக்கும் இடையில்தான் வழக்கு. அளவுகோலும் அதற்கேற்றதுதான்: தொழில் ஒழுக்கத்தில் கடுமையான பிழை நடந்ததா? பொறுப்பைப் புறக்கணித்தது, தொழிலால் கிடைத்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியது, தொழிலின் பெயரைக் கெடுத்தது, விளம்பரம் தேடியது போன்றவை அந்தக் கணக்கில் வரும். நோயாளியிடம் தகாத முறையில் நடந்த டாக்டரையும், பொய்யாக எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எழுதி விற்ற டாக்டரையும் பிடிக்க இந்த வலை சரியானதுதான். "என் காலைச் சரியாகப் பார்த்தீர்களா" என்ற கேள்வி இந்த வலையின் கண் வழியே நழுவிப் போய்விடும். முகாந்திரமில்லை என்று கோப்பு மூடப்பட்டால், டாக்டர் குற்றவாளி இல்லை என்பது மட்டும்தான் தெரியவரும். காலுக்கு என்ன ஆயிற்று என்பது தெரியாது.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாமலே இருக்கிறது. மருத்துவ மன்றத்தின் தலைவர் சுகாதாரத் தலைமை இயக்குநர். சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. அரசாங்க மருத்துவமனைகளில் வேலை செய்யும் டாக்டர்களுக்குத் தொழில்முறையில் மேலிடமும் அவரே. தனியார் மருத்துவமனைகளுக்கு 586ஆவது சட்டத்தின்கீழ் உரிமம் கொடுப்பவரும் அவரே. டாக்டர்களுக்கு முதலாளி, மருத்துவமனைகளுக்கு உரிமம் தருபவர், டாக்டர்கள் மேல் வரும் புகாருக்கு நீதி சொல்லும் மன்றத்தின் தலைவர் என்று மூன்று பொறுப்பும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பதவிக்கு வந்தவர்களின் நேர்மையைப் பற்றி நான் பேசவில்லை. நெருக்கடிக் காலங்களில் நாடே நம்பியிருந்தவர்கள் அவர்கள். அமைப்பைப் பற்றிப் பேசுகிறேன். அரசாங்க மருத்துவமனையில் ஆள் போதாமல் ஒரு தவறு நடந்தால், ஆள் போடாதது அமைச்சு. அந்தத் தவறுக்கு ஒரு டாக்டரை விசாரிக்கும் மன்றத்தின் தலைமையும் அமைச்சின் உச்சியிலிருந்தே வருகிறது. நோயாளிக்கும் அது நல்லதல்ல, அந்த டாக்டருக்கும் நல்லதல்ல.

காலம் ஓடும் வேகம்

புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது தேதியைப் பற்றித்தான். தீபகற்பத்தில் அரசாங்க மருத்துவமனை மேல் வழக்குப் போட 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி மூன்றே ஆண்டுதான். தனியார் மருத்துவமனை அல்லது டாக்டர் மேல் என்றால் 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி ஆறு ஆண்டு. அமைச்சுக்கோ மன்றத்துக்கோ புகார் கொடுத்துவிட்டோம் என்பதற்காக இந்தக் கணக்கு நின்று காத்திருக்காது. "விசாரிச்சிக்கிட்டுதானே இருக்காங்க" என்று நம்பி உட்கார்ந்திருந்து, மூன்றாவது ஆண்டு முடிந்த பிறகு வக்கீலைத் தேடிப் போன குடும்பங்கள் உண்டு. வக்கீல் ஃபைலைத் திறந்து முதல் பக்கத்துத் தேதியைப் பார்த்தவுடனே மூடிவிடுவார்.

நேரத்தோடு நீதிமன்றம் போனவர்களுக்கும் பாதை குறுகியதாக இருந்ததில்லை. 1982இல் சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்ட ஒரு பெண், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைகால் செயலிழந்து போனார். சிகிச்சையில் இருந்த ஆபத்தைத் தனக்கு எடுத்துச் சொல்லவில்லை என்ற அவருடைய வழக்கு, கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது 2006 டிசம்பரில். விபத்து நடந்து இருபத்து நான்கு வருடம் கழித்து முடிந்த வழக்கு. ஆனால் அந்தத் தீர்ப்பு நமக்கெல்லாம் ஒன்றைப் பெற்றுத் தந்தது.

அதுவரை இங்கே ஓங்கியிருந்த அளவுகோல் 1957இல் இங்கிலாந்தில் பிறந்தது. பொறுப்புள்ள மற்ற டாக்டர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் டாக்டர்மேல் குற்றமில்லை. ஆபத்தை எவ்வளவு சொல்வது என்பதும் அதே கணக்குத்தான். டாக்டர்களின் வழக்கமே டாக்டருக்குச் சாட்சி. 1992இல் ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. ஒரு கண்ணில் பார்வை குன்றிய பெண் அந்தக் கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதனால் நல்ல கண்ணின் பார்வையும் போகக்கூடும் என்ற ஆபத்து 14,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். டாக்டர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது வந்துவிட்டது, இரண்டு கண்ணும் இருண்டன. அந்த இடத்தில் இருக்கும் நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். நம் கூட்டரசு நீதிமன்றம் 2006இல் அந்தப் பார்வையை எடுத்துக்கொண்டது. நோயைக் கண்டறிவதற்கும் சிகிச்சை தருவதற்கும் பழைய அளவுகோலே இருக்கட்டும், ஆபத்தை எடுத்துச் சொல்வதற்கு மட்டும் புதியது என்று 2017இல் இன்னொரு தீர்ப்பில் கோடு பிரித்துக் காட்டியது.

மிஸ்ஸி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் பெரியம்மா போட்ட கையெழுத்தை இந்தத் தீர்ப்போடு சேர்த்துப் பாருங்கள். ஒப்புதல் பாரம் என்பது நோயாளியோடு நடக்க வேண்டிய ஒரு பேச்சின் பதிவு. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலப் பாரத்தை நீட்டினால் பேச்சு எங்கே நடந்தது?

தனியார் மருத்துவமனைகளில் இன்னொரு முடிச்சு. அங்கே நிபுணர்கள் பலர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர்கள் அல்லர். அறையை எடுத்துத் தனித்து இயங்குகிறவர்கள். அதனால் டாக்டரின் தவறுக்கு மருத்துவமனை பொறுப்பில்லை என்ற வாதம் வரும். 2017இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. 2024 பிப்ரவரியில், சிகிச்சைக்குப் பின் மூளை பாதிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், நோயாளியைப் பராமரிக்கும் கடமையை மருத்துவமனை அப்படி டாக்டர்மேல் தள்ளிவிட்டு ஒதுங்க முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. பினாங்கில் இதன் எடை அதிகம். இந்தத் தீவின் தனியார் மருத்துவமனைகளை நம்பி மேடானிலிருந்தும் சுமத்திராவின் மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். விமானம் ஏறிப் போன பிறகு கோளாறு தெரிந்தால் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்?

மற்ற நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டது

இங்கிலாந்தில் ஹைட் என்ற சிற்றூரில் டாக்டராக இருந்த ஹெரால்ட் ஷிப்மன், தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டான். பின்னர் நடந்த விசாரணை, அவன் கொன்றவர்கள் 200க்கும் மேல் என்று கண்டது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய நீதிபதி ஜேனட் ஸ்மித், 2004 டிசம்பரில் வந்த ஐந்தாவது அறிக்கையில் அந்நாட்டு மருத்துவ மன்றத்தின்மேலேயே கைவைத்தார். நோயாளிகளைக் காப்பதைவிட டாக்டர்களின் நலனைப் பார்ப்பதே அந்த மன்றத்தின் பழக்கமாகிவிட்டது என்பது அவருடைய முடிவு. அதன் பிறகு மாற்றங்கள் வந்தன. 2008இல், குற்ற வழக்குக்குத் தேவையான அளவு நிரூபணம் வேண்டாம், சிவில் வழக்கின் அளவு போதும் என்று ஆனது. 2012இல் டாக்டர்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை தனித் தீர்ப்பாயத்துக்குப் போனது. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற பழைய நியாயம்தான் அது.

ஆனால் கொலைகாரனை மனதில் வைத்து மட்டும் புகார் முறையை அமைத்தால் போதாது. எனக்கு நியூசிலாந்தின் வழிதான் பொருத்தமாகப் படுகிறது. ஆக்லாந்தில் ஒரு பெண்கள் மருத்துவமனையில் கருப்பைவாய் நோயுள்ள பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமலே வைத்துப் பார்த்த கொடுமை வெளிவந்து, 1988இல் விசாரணை அறிக்கை வந்தது. அதன் பயனாக 1994இல் நோயாளிகளுக்கென ஓர் ஆணையரை நியமிக்கும் சட்டம், 1996இல் நோயாளி உரிமை விதிகள். மருத்துவமனையோ கிளினிக்கோ, டாக்டரோ மிஸ்ஸியோ, புகார் அந்த ஒரே வாசலுக்கு வரலாம். புகார் சொல்ல உதவுவதற்கென்றே இலவசமாக ஆள் உண்டு. அந்த ஆள் மருத்துவமனையைச் சேர்ந்தவர் அல்லர், நோயாளி பக்கம் நிற்பவர். உட்கார்ந்து பேசித் தீர்க்க முடிந்ததை அங்கேயே தீர்ப்பார்கள். கடுமையானது மட்டும் மேலே போகும். பண உதவி தனிப் பாதை: விபத்துக்கு யார் காரணம் என்று நிரூபிக்காமலே ஈடு தரும் திட்டம் அங்கே 1974 முதல் இருக்கிறது. நஷ்டஈட்டுப் பயம் இல்லாததால் உண்மை வெளிவருவதும் சுலபம்.

பயத்தைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்து சிங்கப்பூரையும் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் போடும் ஒரு ஸ்டீராய்டு ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்பதற்காக 2018இல் ஒரு டாக்டருக்கு 100,000 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விழுந்தது. டாக்டர்கள் கொதித்தார்கள். 2019இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்துச் செய்தது; தவறாகவே இருந்தாலும் எல்லாத் தவறும் தொழில் குற்றமாகாது என்றது. 2020இல் சட்டத்தையே திருத்தினார்கள். இப்படிப்பட்ட பயம் பரவினால் டாக்டர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வைத்தியம் பார்ப்பார். தேவையில்லாத ஸ்கேன், தேவையில்லாத ரெஃபரல், முப்பது பக்கவிளைவுகளை மூச்சுவிடாமல் படித்துக் காட்டுவது. அந்தச் செலவும் நோயாளிக்குத்தான்.

நம் டாக்டர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசினால் பாவம். 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் கோவிட் உச்சத்தில் இருக்கும்போதே அவர்கள் கறுப்புச் சட்டையோடு வார்டைவிட்டு வெளியே வந்து நின்றதை எல்லோரும் பார்த்தோம். 2022இல் பினாங்கில் ஒரு பயிற்சி டாக்டரின் மரணத்துக்குப் பிறகு பணியிட வதை பற்றிய பேச்சு வெடித்து, அமைச்சு சிறப்புக் குழு அமைத்தது. மேலே இருப்பவர்களிடம் வாய் திறக்கப் பயப்படும் இளம் டாக்டர், தன் கண்முன் நடக்கும் தவறையும் சொல்ல மாட்டார். முப்பது மணி நேரம் தூங்காதவர் செய்த தவறுக்கு அவர் பெயரை மட்டும் கோப்பில் எழுதினால், அடுத்த மாதம் அதே வார்டில் இன்னொருவர் அதையே செய்வார். புகார் தன்மேல் வந்துவிட்டால் அந்த டாக்டரும் வருடக்கணக்கில் முடிவு தெரியாமல் தவிக்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மாநிலத்துக்கு ஒரு வாசல் போதும். அரசாங்கமோ தனியாரோ பல்கலைக்கழகமோ, புகாரை அங்கே கொடுத்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்று பிரிப்பது அவர்கள் வேலையாக இருக்கட்டும். தமிழிலோ சீனத்திலோ வாயால் சொன்னாலும் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். முடியாத காரியமில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ வருடமாக ஜாலான் மஸ்ஜிட் நெகிரி அலுவலகத்தில் சாதாரண மக்களின் குறைகளை அவரவர் மொழியில் கேட்டு வருகிறது. ஒரு தொண்டு அமைப்பால் முடிந்தது அரசாங்கத்தால் முடியும்.

மன்றத்தின் தலைமையைத் தலைமை இயக்குநரிடமிருந்து பிரிக்க வேண்டும். விசாரணைக் குழுக்களில் டாக்டர் அல்லாதவர்கள் பெயருக்கு ஒருவராக இல்லாமல், கேள்வி கேட்கும் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் கணக்கு வைத்து, அதைத் தாண்டினால் ஏன் என்று இரண்டு தரப்புக்கும் எழுதித் தர வேண்டும். புகார் விசாரணையில் இருக்கும்வரை வழக்குக்கான காலவரம்பு ஓடாமல் நிறுத்தப்பட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, விளக்கம் சொல்வதைச் சட்டக் கடமையாக்குவது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நடந்த பெரும் சீர்கேட்டை ஆராய்ந்த 2013 அறிக்கைக்குப் பிறகு, 2014 முதல் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் நடந்ததைத் திறந்து சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குச் சட்டமாகிவிட்டது. ஹாங்காங்கில் 2017 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள ஒரு சட்டம், மன்னிப்புக் கேட்டதைப் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் காட்ட முடியாது என்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இன்று ஒரு டாக்டர் "ஆன்ட்டி, அன்னைக்கே ரத்த ஓட்டத்தைப் பார்த்திருக்கலாம், மன்னிச்சிருங்க" என்று சொல்ல நினைத்தாலும், அந்த வார்த்தை நாளை வழக்கில் தனக்கு எதிராகத் திரும்பும் என்ற பயம் தடுக்கும். பயத்தை எடுத்துவிட்டுக் கடமையை வைத்தால், பெரியம்மாவைப் போன்றவர்களின் கடிதங்களில் பல மன்றம்வரை போகவே தேவையிருக்காது.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. யார் பார்த்தார், என்ன சொன்னார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு, கொடுத்து வாங்குங்கள். புகாரில் கோபத்தைக் குறைத்துக் கேள்வியைக் கூட்டுங்கள். பதில் சொல்லாமல் நழுவ முடியாதபடி கேளுங்கள்.

பெரியம்மாவுக்காக இரண்டாவது கடிதத்தை அப்படித்தான் எழுதினோம். அறிக்கை கைக்கு வந்த பிறகு, முறுக்கெல்லாம் தீர்ந்து போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மேசையில். மூன்று கேள்விகள். முதல் நாள் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதித்தீர்களா, சோதித்திருந்தால் அந்தக் குறிப்பு எங்கே? ஏழாம் நாள் டாக்டர் மாறியபோது முதல் டாக்டரின் குறிப்பு இரண்டாமவர் கைக்குப் போனதா? ஒப்புதல் பாரத்தை எனக்குப் புரியும் மொழியில் விளக்கியவர் யார்? நான் படிக்கப் படிக்க அவர் தலையாட்டினார். பிறகு, "அந்த மிஸ்ஸி பொண்ணு மேல ஒண்ணும் வந்துறாதே தம்பி?" என்று கேட்டார். வராது என்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் அனுப்பிய சீட்டை, ஐ.சி. (அடையாள அட்டை) வைத்திருக்கும் சின்னப் பையிலேயே மடித்து வைத்திருக்கிறார்.